பார்க்கலாம்

குளிர்பெட்டிக்காரர் அம்மாவைக் கிடத்தியிருந்த பெட்டியின் பிளக்கைச் செருகினார். மோட்டார் உறுமத் தொடங்கியதும் கேட்டார்: "கூலிங் போதுமா, இன்னும் கொஞ்சம் கூட்டவா?"

"பார்க்கலாம்," என்றார் அப்பா.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா கூட்டி வைங்கண்ணே. அம்மா ஐஸ் பார்க்கணும்னுதானே ஆசைப்பட்டாங்க. அப்பா வீட்டுக்கே வரவழைச்சுட்டார்."

பெட்டிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் குமிழைத் திருகினார். அம்மாவின் தங்கை மட்டும், "சும்மா இருடி, நாலு பேர் இருக்காங்க," என்று முணுமுணுத்தாள்.

அப்பா பஸ் டிப்போவில் நேரம் பார்த்து வண்டி அனுப்புகிற வேலையில் இருந்தவர். ஊர் பஸ்ஸையெல்லாம் நேரத்துக்குக் கிளப்பியவருக்குச் சொந்த வீட்டு ஆளைக் கிளப்பத் துப்பில்லை. வேண்டாம் என்று சொன்னால் சண்டை வரும், பார்க்கலாம் என்றால் வராது. மனிதர் அதையே பிடித்துக்கொண்டார். மகளின் சைக்கிள், புதுக் கதவு, பக்கத்து ஊர்ப் பயணம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய் மூச்சடைத்துச் செத்தன. அதன் அர்த்தம் மகளுக்குச் சின்ன வயதிலேயே விளங்கிவிட்டது. அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை.

"வடக்குக் கோடிக்குக் கப்பல் போகுதாம். பனிமலை உடைஞ்சு கடல்ல விழறது, திமிங்கிலம், பனிக்கரடி எல்லாம் கிட்டயே தெரியுமாம். நாமளும் பார்க்கலாமா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "பார்க்கலாம்," என்றார் அப்பா. கேட்ட கேள்விக்கு நேரான பதில். அவள் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள்.

தையற்காரி அல்லவா, சும்மா இருப்பாளா? பள்ளிச் சீருடை தைக்கிற மிஷினிலேயே பஞ்சு வைத்து இரண்டு கோட்டு தைத்தாள். அப்பாவின் பழைய சட்டையை விரித்து அளவெடுத்தாள். வேர்க்க விறுவிறுக்கப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். பயண ஏஜென்சிப் பெண்ணிடம், "கரடி எந்தப் பக்கம் வரும்னு கேட்டுச் சொல்லும்மா, அந்தப் பக்கமே ரூம் போடு," என்றாள்.

"அவர் வரமாட்டாரும்மா. நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்," என்று மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டாள்.

"பார்க்கலாம்னு சொல்லியிருக்காரேடி. அவரை விட்டுட்டு எப்படி?"

நேற்று அம்மா மிஷின் மேலேயே சாய்ந்தாள், அதோடு எழுந்திருக்கவில்லை. வேண்டாம் என்று அப்பா ஒரே ஒரு தடவை சொல்லித் தொலைத்திருந்தால், போன கோடையிலேயே மகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். அதை நினைக்க நினைக்க மகளுக்கு அழுகை வரவில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அம்மாவின் ஃபோன் அடித்தது. ஏஜென்சிப் பெண்தான். மகள் ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "நீங்களே பேசுங்க."

"சார், அம்மா இல்லீங்களா? பரவால்ல, உங்ககிட்டயே கேட்டுடறேன். ஜன்னல் வெச்ச ரூமாவே பிடிச்சு வெச்சிருக்கேன். இன்னிக்குள்ள உறுதி பண்ணணும். போடட்டுமா, வேண்டாமா?"

அப்பாவின் உதடுகள் பழக்கத்தில் 'பார்க்கலாம்' சொல்ல ஒட்டிப் பிரிந்தன.

"சொல்லுங்கப்பா," என்றாள் மகள். "இனிமே சண்டை போட ஆள் இல்ல."

"வேண்டாம்மா," என்றார் அவர். "வேண்டாம்."

அதில் திக்கலோ திணறலோ இல்லை. இத்தனை சுலபமாக வரக்கூடியதைத்தான் இத்தனை காலம் உள்ளேயே வைத்திருந்தாரா என்று அவளுக்கு இன்னும் எரிந்தது.

"சரிங்க சார். ஆனா அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல மனசு வராது."

"சொல்றேன்."

அவர் எழுந்து பெட்டியின் தலைமாட்டுக்கு நடந்தார். யாரோ போட்டிருந்த நாற்காலி குறுக்கே நின்றது. மகள் அதை இழுத்துச் சுவரோரம் போட்டாள்.