வலிக்காத கை

உலக்கை ஃபோவாவின் கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே விழுந்தபோது எனக்குத்தான் உயிர் போனது. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. உரலுக்குள் மாவைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மனுஷா, கனவு காண்றியா? குத்து."

"அடி பட்டுதேடி!"

"பட்டா என்ன, வலிக்கல. உன் அடிக்கெல்லாம் அழுற ஆளா நான்?"

சாப்பிட வந்த லாரிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஃபூஃபூக் களிக்கு உலக்கை போடுவது என்சியாவாகிய நான், உரலுக்குள் கைவிட்டுப் புரட்டுவது என் மனைவி. மரவள்ளியும் வாழைக்காயும் அவள் கையில் சேர்ந்து வரும் பதம் இந்த ஒஃபின் ஆற்றங்கரையில் வேறு யாருக்கும் வராது. கல்யாணமானதிலிருந்து அன்றுவரை என் உலக்கை அவள் நகத்தைக்கூடத் தொட்டதில்லை. அந்தத் திமிரில் இருந்தவன் நான்.

மறுநாள் அதே இடத்தில் நாங்கள் மெல்லும் கோலாக் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. உலக்கை பட்ட வீக்கம் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். இங்கே யார் கை வீங்கினாலும் முதலில் உரலைத்தான் பார்ப்பார்கள். பச்சிலை அரைத்துக் கட்டினேன். காய்ச்சல் இல்லை, சூடு இல்லை. வலிக்காத கட்டிக்கு எவன் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான்? கட்டி உடைந்தது. அப்போதும் வலிக்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு இடது கையால் புரட்டினாள். புண் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்ததும்தான் கடையைச் சாத்தினேன். அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் அசபியா புண்ணின் ஓரத்தில், தோலுக்கு அடியில், பஞ்சுக் குச்சியை நுழைத்தார். குச்சி பாதி உள்ளே போய்விட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஃபோவாவோ கூரையில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"அதாம்மா மோசம். இது புருலிப் புண். இந்தக் கிருமி ஒரு நஞ்சைக் கக்கும். நம்ம உடம்புல வெள்ளை அணுக்கள் இருக்கில்ல, காவல்காரங்க மாதிரி? அதுங்கள்ல பாதிய அந்த நஞ்சு கொன்னுடும், மிச்சத்த மயக்கிப் போட்டுடும். நரம்பையும் மரத்துப்போக வச்சிடும். காவலும் இல்ல, கூச்சலும் இல்ல. அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே போகும்."

"உலக்கை பட்டதால வந்ததுன்னு நெனச்சோம் சிஸ்டர்."

"உலக்கை பட்டும் வலிக்கலைன்னா என்ன அர்த்தம், என்சியா? அது அன்னிக்கே உள்ள குடியிருந்திருக்கு."

என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அங்கேயே படுக்கையில் சேர்த்து மாத்திரை தொடங்கினார்கள். புண் முழங்கை மூட்டுக்குள் இறங்கினால் கையை எடுக்க வேண்டிவரும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வலது கை. கடை கிடக்கட்டும், அந்தக் கை இல்லாமல் ஃபோவா உயிரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். வெளியே வந்து பலா மரத்தடியில் நின்று அழுதேன்.

சில வாரம் புண் அடங்கியிருந்தது. பிறகு ஒரு காலை கை முழுக்கச் சிவந்து வீங்கி, சீழ் கொட்டியது. ஃபோவா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் அம்பொன்சா டாக்ஸியோடு வந்து நின்றான்.

"ஏன் அக்கொன்டா," என்றான். மைத்துனனை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது, அவன் வாயில் வசவு மாதிரி வந்தது. "வலியே இல்லாத கைய வலிக்க வச்சதுதான் உங்க வைத்தியமா? எழுந்திரு ஃபோவா. மூலிகைக்காரர் காத்துக்கிட்டிருக்காரு. இன்னும் ஒரு மாத்திரை தின்னா நீ பொணம்தான்."

"போயிடலாம் மனுஷா," என்றாள் ஃபோவா. "என்னால முடியல."

அவள் கேட்டால் நான் எதை மறுத்திருக்கிறேன்? துணிப்பையை எடுத்துக்கொண்டேன். வாசல்வரை வந்துவிட்டோம். டாக்ஸிக் கதவைத் திறந்துகொண்டு நின்றான் அம்பொன்சா. அங்கேதான் எனக்கு உறைத்தது. காவலும் இல்லை கூச்சலும் இல்லை என்று சிஸ்டர் சொன்னாரே, இப்போது கூச்சல் இருக்கிறதே!

"ஃபோவா, எங்க வலிக்குது?"

"எங்கயா? கை பூரா, பாவி!"

அன்று உலக்கை விழுந்த இடத்தை ஒரு விரலால் தொட்டேன்.

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். அலறிக்கொண்டே அதே கையால் என் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"பைத்தியமாடா உனக்கு?" அம்பொன்சா என் சட்டையைப் பிடித்தான்.

"ஆமா, பைத்தியம்தான். டாக்டர் பாக்குற வரைக்கும் இவ இந்த வாசலைத் தாண்ட மாட்டா. தூக்கிட்டுப் போகணும்னா மொதல்ல என் மேல டாக்ஸிய ஏத்து."

நண்பகலில் டாக்டர் வந்தார். கையை மெல்ல மடக்கினார், நீட்டினார். அவள் கத்தினாள்.

"மூட்டு தப்பிச்சுது," என்றார். "மருந்து கிருமியக் கொன்னுடுச்சு, நஞ்சு வத்திப்போச்சு. தூங்குன காவல்காரங்க முழிச்சுக்கிட்டு மொத்தமா ஓடி வர்றாங்க. அந்த ரகளைதான் இது. வலிக்கு மருந்து தரேன், ஆனா மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. கைய எடுக்க வேண்டாம்."

அம்பொன்சா வெளியே போய் டாக்ஸியை அனுப்பிவிட்டு வந்தான். ஃபோவா சாயங்காலம்வரை என்னைத் திட்டினாள், நடுநடுவே வலிக்கிறதென்று அழுதாள். எரிகிற கன்னத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.