வராத நாற்பதாயிரம் பேர்

நாற்பதாயிரம் பேர் ஒரு நாளில் எவ்வளவு கழிவுநீர் விடுவார்கள் என்ற கணக்கை ஓவர்சீயர் ஜம்புலிங்கம் மூன்றாவது தடவையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, காற்று திரும்பி, செங்கல்பட்டுத் திட்ட அலுவலகத்தின் ஒரே கக்கூஸ் நாற்றம் நேராக அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தது. அது பொங்கலுக்கு முன்பே அடைத்துக்கொண்டுவிட்டது. கதவில் இரண்டு ஆணி அடித்து, 'பழுது' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டடத்தைச் சரிசெய்ய வேண்டியது வேறொரு பிரிவு. இந்த அலுவலகத்தார் வரப்போகும் நகரத்துக்கு மட்டுமே பொறுப்பு. ஆகவே தலைக்கு முப்பது காலன் தண்ணீர், அதில் எண்பது சதம் சாக்கடை என்று இன்னும் பிறக்காதவர்களுக்கெல்லாம் கச்சிதமாக வகுத்து வைத்துவிட்டு, பிறந்து உத்தியோகத்துக்கும் வந்துவிட்ட பதினேழு பேரும் அவசரத்துக்கு ஏரிக்கரைப் பக்கம் போய் வந்தார்கள். ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் காலன். மூன்று தடவையும் அதே விடைதான். அந்த மட்டில் கணக்கு யோக்கியமானது என்று ஜம்புலிங்கம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

நகரம் என்பது நெம்மேலிக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே இருந்த சவுக்குத் தோப்பு. தோப்புக்குக் கிழக்கே மணல், மணலுக்குக் கிழக்கே கடல். இப்போது நடப்பது 1975. தொண்ணூற்றொன்றுக்குள் அங்கே ஓட்டல்களும் ஆலைகளும் மாடி வீடுகளும் வந்து நாற்பதாயிரம் ஜனம் குடியேறிவிடும் என்று யாரோ மேலே சொல்லியிருந்தார்கள். நகரம் வர ரோடு வேண்டும். நகரம் வருவது உறுதியானால் ரோடு போடலாம் என்று ரோட்டுக்காரர்கள் எழுதினார்கள். ரோடு வருவது உறுதியானால் நகரம் வரும் என்று இவர்கள் பதில் எழுதினார்கள். இரண்டு கடிதங்களும் ஒரே தபால் பையில்கூடப் போயிருக்கலாம். ஆனாலும் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் 'திட்டமிட மட்டும்' என்று சர்க்கார் பணம் ஒதுக்கிவிட்டது. மட்டும் என்றால் மட்டும்தான். அந்தப் பணத்தில் ஒரு சாண் குழாய்கூடப் பதிக்கக் கூடாது. ஜீப் வாங்கலாம். சாய்வு மேசைகள் வாங்கலாம். பிளாஸ்டரில் நகரத்தின் மாதிரி செய்து, கடலுக்குப் பதில் நீலக் கண்ணாடி பதிக்கலாம். எல்லாம் செய்தாகிவிட்டது. வரைபடத்தில் கழிவுநீர் நீரேற்று நிலையம் என்று அறுகோணம் போட்டுச் சிவப்பு மையில் தீட்டியிருந்த இடத்தில் அசலில் சாவடிக்குப்பம் இருந்தது. அறுபது குடிசை, பதினோரு கட்டுமரம், ஓர் உப்புக் கிணறு. வரைபடத்தில் குப்பத்தைக் காட்டவில்லை. காட்டினால் அறுகோணம் அசிங்கமாகிவிடும்.

எக்ஸிகியூட்டிவ் இஞ்சினியர் காசிநாதன் மணி அடித்தார். நெற்றியில் சந்தனம், மேசையில் மூன்று பேனா, மூன்றிலும் மை கிடையாது. மனிதர் கெட்டவரில்லை என்று ஜம்புலிங்கம் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது அந்த யோசனைக்கே போவதில்லை.

"ஜம்பு, பதினொண்ணாம் நம்பர் போர்த்துளை இன்னும் திறந்தே கெடக்காமே?"

"ஆமா சார். அதுல தண்ணி நல்லா இருக்குது. குப்பத்துப் பொம்பளைங்க எடுக்கறாங்க."

"நல்லா இருக்குதுன்னு உன்னை யாரு சொல்லச் சொன்னது? ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?"

 அறிக்கையில் எந்தத் துளையில் என்ன தண்ணீர் என்று காட்டும் ஏழாம் அட்டவணையை எழுதியது ஜம்புலிங்கத்தின் கைதான். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைக் காட்டியாக வேண்டும் என்று பிப்ரவரியிலேயே முந்நூறு பக்க அறிக்கையைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். அப்போது பன்னிரண்டு சோதனைத் துளைகளில் ஆறுதான் போட்டு முடிந்திருந்தன. மீதி ஆறுக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோது, "கடலோரத்துல வேற என்னய்யா வரும்? உப்புன்னு போடு" என்றார் காசிநாதன். உவர்நீர், உவர்நீர், உவர்நீர் என்று ஆறு கட்டங்களிலும் எழுதி, கீழே சுருக்கெழுத்துப் போடுவதுபோல ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த உப்பை நம்பித்தான் பாலாற்றிலிருந்து பதினெட்டு மைலுக்குக் குழாய் என்று மதிப்பீடே தயாரானது. பிறகு மார்ச்சில் துளை போடும் மேஸ்திரி திருவேங்கடம் குப்பத்து மணலில் பதினொன்றாம் துளையை இருபத்தெட்டு அடி இறக்க, பதினைந்தாம் அடியிலேயே இளநீர் மாதிரித் தண்ணீர் வந்துவிட்டது.

"ரிப்போர்ட் போயாச்சு. இனிமே அது தித்திச்சா நீயும் நானும்தான் எக்ஸ்பிளனேஷன் எழுதணும். உன் கையெழுத்து முதல்ல இருக்குது, ஞாபகம் இருக்கட்டும். சோதனைக்குப் போட்ட துளையைச் சோதனை முடிஞ்சதும் மூடணும், ரூல் அது. இன்னிக்கே மூடிட்டு, ஊர்க்காரங்க ரெண்டு பேர்கிட்ட ரேகை வாங்கிடு. மூடினதைப் படம் எடுக்க நாலு மணிக்கு நான் போட்டோகிராபரோட வர்றேன்."

சிமெண்ட் அரை மூட்டைக்கான சீட்டு அவர் மேசையில் தயாராக இருந்தது. சிமெண்ட் கண்ட்ரோலில் இருந்த காலம். ஸ்டோரிலிருந்து ஒரு கைப்பிடி வாங்க ஏழு கையெழுத்து வேண்டும், போன தடவை இரண்டு மாதம் பிடித்தது. இந்தச் சீட்டில் ஏழும் ஒரே காலையில் விழுந்திருந்தன.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய், ஒரு மாட்டுவண்டி பிடித்து, கேங் கூலி முத்துசாமியும் சிமெண்ட்டுமாக ஜம்புலிங்கம் குப்பத்தில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. துளையைச் சுற்றி இருபது பெண்கள் நின்றார்கள். ஆறங்குல வாய்க்குள் குடம் நுழையாது, கைப்பம்புக்கும் வழியில்லை. ஆனால் துளையிலிருந்து சேறு அள்ளுகிற அடியில் தோல் மூடி வைத்த நீளக் குழாய் ஒன்றை மேஸ்திரி திருவேங்கடம் 'மறந்து' விட்டுப் போயிருந்தார். பெண்கள் அதை மணல் போட்டுத் தேய்த்து, வலைக்கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்கள். தண்ணீரில் பட்டதும் தோல் திறந்துகொள்ளும், தூக்கும்போது மூடிக்கொள்ளும். ஒரு குடம் நிரம்ப நாலு தடவை இழுக்க வேண்டும். அறிக்கையின் முந்நூறு பக்கத்திலும் ஒரு சொட்டு வரவில்லை, இங்கே ஒரு தோல் துண்டு வேலை செய்கிறது என்று நினைத்ததும் ஜம்புலிங்கத்துக்கு வாய் கசந்தது. காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பினால் யார் மேல் துப்புவது என்பதில் தெளிவில்லாததால் விழுங்கிக்கொண்டார்.

கயிறு இழுத்துக்கொண்டிருந்தவள் ஆதியம்மாள். கூடையில் மீன் சுமந்து நெம்மேலி வரைக்கும் விற்று வருகிறவள், குப்பத்தில் அவள் குரலுக்கு மேல் குரல் கிடையாது. சிமெண்ட் மூட்டையைப் பார்த்ததும் கயிற்றை விடாமலே கேட்டாள்.

"இன்னா சார், மேடை கட்டிக் குடுக்கப் போறியா?"

"இல்லம்மா. மூடப் போறோம்."

"எத்த?"

"துளையை."

வரிசையில் பின்னால் நின்ற தனக்கோடி, "தண்ணி வந்துகினு கீது சார், கண்ணு தெரிலயா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். ஆதியம்மாள் சிரிக்கவில்லை.

"வருசா வருசம் பங்குனி வந்தா மேலூரு ரெட்டியாரு கெணத்துல எங்கள வுடமாட்டாரு. நெல்லுக்கே பத்தலன்னுவாரு. அதுக்கப்பால ரெண்டு மைலு போய் ஓடையில ஊத்து தோண்டணும். போன வருசம் எம் மருமவ ஏழாம் மாசத்துல குடத்தோட வியுந்தா. புள்ள தங்கல. இத்த மூடினா உனுக்கு இன்னா வருது?"

"எனக்கு ஒண்ணும் வராது. ரூலு அப்படி. இங்க ஊரு வரப்போவுது, நாப்பதாயிரம் பேரு. அவங்களுக்குப் பாலாத்துலேர்ந்து தண்ணி வரும். உங்களுக்கும் குடுப்பாங்க."

சொல்லும்போதே தன் குரல் காசிநாதன் குரல் மாதிரி இருப்பதை அவர் கேட்டார்.

"அந்த நாப்பதாயிரம் பேரு இப்போ எங்க கீறாங்க?"

"இன்னும் வரலை."

"எப்போ வருவாங்க?"

"வந்தா தொண்ணூத்தொண்ணுல."

"வராதவன் குண்டி கழுவறதுக்குக் கணக்குப் போட்டு வெச்சிட்ட. வந்து குந்திகினு கீறவ வாய நனைக்கக் கூடாது. நல்லாருக்கு சார் உங்க ஆபீசு."

முத்துசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிமெண்டில் மணலைக் கொட்டினார். ஜம்புலிங்கம் பையிலிருந்து சான்றிதழை எடுத்தார். படிச்சுக் காட்டு என்றாள் ஆதியம்மாள். அவர் படித்தார்: மேற்படி சோதனைத் துளை, பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டும், சாவடிக்குப்பம் மக்களின் வேண்டுகோளுக்கிணங்கவும், கீழே ரேகை வைத்துள்ளவர்கள் முன்னிலையில் மூடப்பட்டது.

"நாங்க எப்போ வேண்டிக்கினோம்?"

"அது எப்பவும் அப்படித்தாம்மா எழுதுவாங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கெட்டுப்போன மீனைச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை நீட்டினாள்.

"வெக்கறேன். நான் வெக்கலன்னா வேற எவனையாச்சும் புடிச்சி வெச்சிக்குவ. ஆனா லைன்ல நிக்கறவளுங்க மொண்டுகினு போவட்டும். கடேசி ஆளு போனப்பால மூடு. அதுக்காச்சும் ரூலு கீதா?"

அதற்கு ரூல் இல்லை. "சரி, சீக்கிரம் ஆகட்டும்" என்றார் ஜம்புலிங்கம். அவள் ரேகை வைத்தாள், தனக்கோடியும் வைத்தாள். முத்துசாமி தண்ணீர் விட்டுச் சிமெண்ட் முழுவதையும் குழைத்துச் சட்டியில் அள்ளித் தயாராக வைத்தார். இருபது பேர் முடிய ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஜம்புலிங்கம் கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்தார்.

குழாய் இறங்கியது, ஏறியது. ஒவ்வொருத்தியாக நிறைகுடத்தோடு குடிசைப் பக்கம் போனார்கள். நெளிந்த அலுமினியக் குடம் ஒன்று போயிற்று. கழுத்து ஒடுங்கிய பித்தளைக் குடம், இடுப்பில் பிள்ளையும் தலையில் மண்பானையுமாக ஒருத்தி. சுமார் ஒரு மணி நேரம் கழித்து அதே நெளிந்த அலுமினியக் குடம் மறுபடியும் துளைக்கு வந்தது. ஜம்புலிங்கம் எழுந்து நின்று வரிசையைப் பார்த்தார். அதே இருபது பேர்தான். போனவள் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு வந்து கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆதியம்மாள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

இப்போது போய், போதும், விலகுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் உவர்நீர் என்று எழுதிய கை இரண்டாம் தடவையும் அதையே எழுதியதாகும். சொல்லாவிட்டால் விளக்கம் கேட்டு ஓலை வரும், இன்கிரிமெண்ட் நிற்கும், மூத்தவளுக்கு வைகாசியில் கல்யாணம். இரண்டுமே நாறின. அவர் மறுபடியும் உட்கார்ந்தார். அதில் வீரம் ஒன்றும் இல்லை என்பது அவருக்கே தெரியும். கால் எழவில்லை, அவ்வளவுதான்.

"சார்" என்றார் முத்துசாமி, சட்டியைப் பார்த்தபடி. "இறுகிக்கினே போவுது."

"இன்னும் வரிசை முடியலியேப்பா."

"இது கல்லாயிட்டா வேற மூட்டை?"

"எழுதிக் கேக்கணும். ஏழு கையெழுத்து."

முத்துசாமி யோசித்தார். பிறகு பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சவுக்குத் தோப்புக்குள் ஜீப் உறுமிற்று. ஜம்புலிங்கம் பூச்சுக் கரணையை எடுத்துச் சட்டியில் குத்தினார். நுனி இறங்கவில்லை, கல்லில் பட்டதுபோலத் துள்ளிக்கொண்டு வந்தது. சான்றிதழை எடுத்துப் பார்த்தார். இரண்டு ரேகையும் காய்ந்து நன்றாகப் பிடித்திருந்தன. கிழிக்கவும் மனம் வரவில்லை, பையில் வைக்கவும் கை போகவில்லை.

மணலில் சக்கரம் புதைந்து ஜீப் நின்றது. போட்டோகிராபர் கேமராப் பெட்டியோடு பின்னால் இருந்து குதித்தார். காசிநாதன் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பளபளக்கும் செருப்பில் மணல் ஏறாமல் எட்டி எட்டி அடி வைத்து வந்தார். முகம் வேர்வையில் நனைந்து சந்தனம் மூக்கு வரை வழிந்திருந்தது. வரிசையின் வாலில் நின்ற தனக்கோடி ஆளைத் திரும்பிப் பார்த்தாள். தாகத்துக்கு வந்தவர் என்று நினைத்திருக்க வேண்டும். காலருகே இருந்த குடத்தைக் காலாலேயே ஒரு முழம் முன்னால் தள்ளி, தானும் ஓர் அடி நகர்ந்து, தனக்குப் பின்னால் அவர் நிற்க இடம் விட்டாள்.