குரலுக்கு ஓர் இடம்

"அம்மா, பேசாத நேரத்துல அந்தக் குரல் யாரு வூட்டுல இருக்கும்?" என்று கவிநிலா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

ஹேமலதா மூலக்குளத்தில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. பள்ளி நேரம் போக, 'அலைக்குரல்' என்ற மென்பொருளைச் சம்பளமில்லாமல் நடத்திவந்தாள். தினமும் மாலை ஐந்து மணிக்கு வரும் கடல் அறிக்கையில் ஆபத்து இருந்தால், ஐந்தரைக்குத் தேங்காய்த்திட்டுப் படகுக்காரர்கள் முந்நூறு பேரின் போனுக்கு அது தமிழில் குரல் செய்தி அனுப்பும். இப்படிப் பொதுவுக்கு உழைப்பவர்களுக்கென்று தூரதேசத்து நிறுவனம் ஒன்று தன் சர்வரில் இலவசமாக இடம் கொடுத்திருந்தது. "முகம் தெரியாத புண்ணியவான் வூட்டுல, வாடகையில்லாம இருக்குதுடி" என்று மகளுக்குப் பதில் சொன்னாள்.

மூன்று வருடங்கள் கழித்து, அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வந்து பத்து நாளாகியும் தீபாவளி அமளியில் அவள் பார்க்கவில்லை. வியாழக்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்குத்தான் பிரித்துப் படித்தாள். இன்று மாலை ஐந்து மணிக்கு இடம் பறிபோகும்.

காரணம், லைசென்ஸ்: மென்பொருளை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அனுமதி வாசகம். எல்லோரும் போடும் வழக்கமான வாசகத்தை விட்டுவிட்டு, ஆரம்ப நாளிலேயே அவள் இப்படி எழுதிவைத்திருந்தாள்: 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். காசுக்கு விற்காதீர்கள். கடலம்மா எல்லோரையும் கரை சேர்க்கட்டும்.' இதை லைசென்ஸாக ஏற்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட ஒன்றைப் போடுங்கள், மென்பொருளை எழுதியவர்கள் அனைவரின் சம்மதமும் வேண்டும் என்றது கடிதம்.

ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. அவளுடைய அண்ணன் தெய்வநாயகம் மாலை ஆறு மணிக்குப் படகெடுப்பவர். துறைமுகத்து எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியாது. குரல் வரவில்லை என்றால் கடலில் ஆபத்தில்லை என்று அவருக்கு அர்த்தம். மற்றவர்களுக்கும் அப்படித்தான் பழகிவிட்டது. அண்ணனைப் போனில் தடுத்துவிடலாம். மற்றவர்களை?

மென்பொருளில் பாதி, செல்போன் கடை வைத்திருக்கும் அய்யப்பன் எழுதியது. குரலோடு மீன் வியாபாரி ஒருவரின் விளம்பரத்தையும் சேர்க்கலாம் என்றான் அவன். அவள் ஒப்பவில்லை. "உன் புண்ணியத்த நீயே வெச்சிக்கோ" என்று போனவன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. அந்தக் கோபத்தில் எழுதியோர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டாள். அவனுக்கு அது தெரியாது.

இப்போது பட்டியலில் அவள் ஒருத்திதான். தானே சம்மதம் எழுதி அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? விரல் விசைப்பலகை வரை போனது. பிறகு எழுந்து அய்யப்பனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நெல்லித்தோப்பு வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. பெரிய மார்க்கெட் அருகே அவனுடைய செல்போன் கடையில் நனைந்தபடி ஏறினாள்.

"இன்னாக்கா, ரெண்டு வருஷம் கழிச்சி வழி தெரிஞ்சிதா?"

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"புது லைசென்ஸ்ல வெளம்பரத்துக்குத் தடை கெடையாதே. யாருனா போட்டுக்கலாமே?"

"போட்டுக்கலாம்."

"அத்தத்தான நான் அன்னிக்கே சொன்னேன்!"

"சொன்ன. மணி நாலு நாப்பது ஆவுது அய்யப்பா."

ரிப்பேருக்குக் காத்திருந்த மீன்காரம்மா மணியம்மாள் குறுக்கே புகுந்தாள். "ஒங்க பஞ்சாயத்த அப்பறம் வெச்சிக்குங்க. எம் போனு ஐஸ் பொட்டியில வுழுந்து வெறைச்சிக் கெடக்குது."

அய்யப்பன் சிரித்துவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தான். "அதுல எம் பேரு இருக்குதுக்கா. எம் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிக்கறப்ப காட்டணும்னு வெச்சிருக்கேன். அந்த எடம் போயிடக் கூடாது."

ஹேமலதா வாயைத் திறந்தாள். அவன் கட்டைவிரல் திரையில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு விரற்கடை கீழே தள்ளினால் பட்டியல். அவன் தள்ளவில்லை. சம்மதம் என்று அடித்து அனுப்பிவிட்டான்.

ஹேமலதா புது லைசென்ஸையும் போட, நான்கு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்துக்கு, 'இந்த இடம் மூடப்பட்டது' என்று திரையில் வந்தது. அதே நிமிடத்தில் கடல் அறிக்கையும் வந்தது: மூன்று மீட்டருக்கு மேல் அலை. அவள் கண்ணை மூடிக் கடலம்மாவைக் கூப்பிட்டாள். ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. மணியம்மாள்கூடத் தன் போனை மறந்து ஹேமலதாவின் திரையை எட்டிப் பார்த்தாள்.

ஐந்து பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. 'திறந்துவிட்டோம். நீங்கள் எழுதிய கரை சேர்க்கும் வரியை அழித்துவிடாதீர்கள். அதை முகப்பில் வைத்துக்கொள்ளலாம்.' பதில் எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை.

ஐந்தரைக்குக் குரல் கிளம்பியது. ஐந்து நிமிடத்தில் தெய்வநாயகம் கூப்பிட்டார். "ஹேமா, படகு எடுக்கல. எல்லாம் கட்டிட்டோம். நீ நனையாம வூடு போய்ச் சேரு."

அய்யப்பன் மணியம்மாளின் போனைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். "வர்றேன்டா" என்றாள் ஹேமலதா. அவன் நிமிராமல் தலையாட்டினான்.

மழை விட்டிருந்தது. தெரு முனையில், ஷட்டர் இறக்கிய ஒரு கடையோரம் ஸ்கூட்டரை நிறுத்தினாள். போனில் பட்டியலைத் திறந்து, தன் பெயருக்கு மேலே அவன் பெயரை எழுதினாள். மாற்றத்துக்குக் காரணம் கேட்டது திரை. சற்று யோசித்து, 'பிழை திருத்தம்' என்று அடித்துச் சேமித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.