கௌகாத்தியைவிடப் பக்கம்

கோவில்பட்டியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் காசிராஜன் அண்ணாச்சியிடம் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் போதும், கேட்ட வாய் மூடுவதற்குள் கிலோமீட்டரும் நாள் கணக்கும் வந்து விழும். தீப்பெட்டி ஏற்றிய லாரி கௌகாத்தி போய்ச் சேர எட்டு நாள். முப்பது வருஷ அனுபவம், யாரும் எதிர்த்துப் பேச முடியாது. பேசினாலும் அவர் காதில் ஏறாது.

மகள் சுதாராணிக்குச் சிக்காகோவில் மாப்பிள்ளை அமைந்தபோது, அவ்வளவு தூரமா என்று அவர் மனைவி ஜானகியம்மாள் அழுதார். அண்ணாச்சி போனில் தேடினார். வான்வழித் தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினாறு மணி என்று வந்தது.

"எட்டு நாள் எங்கன, பதினாறு மணி நேரம் எங்கன? சிக்காகோ கௌகாத்தியவிடப் பக்கந்தாம்ட்டி" என்றார். கல்யாணம் முடிந்தது.

சுதாராணி உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை. ஏழாம் மாதம் மார்கழியில் விழுந்ததால் வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளினார் அண்ணாச்சி. அதற்கு நாலு நாள் முன்னால் வந்து சேருகிற மாதிரி டிக்கெட்டும் போடச் சொன்னார்.

"அப்பா, ஒன்பதாம் மாசம் பிளைட்ல ஏத்த யோசிப்பாங்க. முன்னாலயே வந்திருதேன்."

"பதினாறு மணி நேரத்துக்கு எதுக்குத் தாயி இவ்வளவு பதட்டம்? காலையில ஏறுனா ராத்திரி வந்து படுத்துக்கிடலாம்."

ஜானகியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் எனக்கு ஒரு விசா எழுதிப் போடுங்களேன்."

"அவ இங்கன வாரா. நீ அங்கன போயி யாருக்குப் பிரசவம் பாக்கப் போற?"

சிக்காகோ விமான நிலையத்தில் சுதாராணியின் வயிற்றைப் பார்த்தார்கள், எத்தனை வாரம் என்று கேட்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அங்கிருந்து அழுதபடி போன் செய்தாள்.

"மேனேஜர்ட்டக் குடு, நான் பேசுதேன். புக் பண்ணுன லோடை ஏத்தமாட்டேங்கது என்ன நியாயம்?"

மேனேஜருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அன்றைக்கே ஜானகியம்மாளுக்கு விசா எழுதிப் போட்டார். நேர்காணலுக்கு அடுத்த வருஷம் தேதி கிடைத்தது.

பத்தாம் நாள் பெண் குழந்தை. மகளுக்குக் கொடுக்க இடித்து உருட்டிய பிரசவ மருந்து டப்பாவில் அப்படியே இருந்தது. போனில் பேத்தி கொட்டாவி விட்டாள். ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, அங்கே இப்போது மணி என்ன, குளிர் எத்தனை டிகிரி என்று விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜானகியம்மாள் போனைக் கீழே வைத்தார். எழுந்து போய் மருந்து டப்பாவை ஒரு பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசலில் நின்ற காரின் பக்கத்தில் போய் நின்றார்.

"எங்கட்டி கிளம்பிட்ட?"

"கௌகாத்தியவிடப் பக்கம்னியளே. வண்டிய எடுங்க. எம் பேத்திய ஒரே ஒரு தடவ மோந்து பாத்துட்டு வந்திருதேன்."