பேராசிரியரின் விக்கெட்டுக்கு என்ன எடை?

மழை வந்து ஆட்டம் நின்றால் யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல உலகத்தில் ஏற்கெனவே ஒரு சூத்திரம் இருக்கிறது. மிச்சமுள்ள ஓவரையும் மிச்சமுள்ள விக்கெட்டையும் போட்டுப் பிசைந்தால் ஓர் எண் விழும். புள்ளியியல் துறைத் தலைவரான பேராசிரியருக்கு மட்டும் அது ஜீரணமாகவில்லை.

“என் விக்கெட்டும் நம்ம குமாஸ்தா விக்கெட்டும் ஒண்ணாம்மா?”

“அதெப்படி சார்!” என்றாள் ஆய்வு மாணவி. ஆறு வருடமாக அவர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆய்வேட்டைப் பையில் சுமந்து திரிபவள் வேறென்ன சொல்வாள்?

இப்படிப் பிறந்தது தலைவர் சூத்திரம். ஆட்டக்காரரின் பழைய ஆட்டங்களை எல்லாம் தின்றுவிட்டு, அவர் விக்கெட்டின் எடையைச் சொல்லும். கனமான ஆள் அவுட்டானால், அணி அதுவரை எடுத்திருக்க வேண்டிய ஓட்டமும் கூடும். நிரலை எழுதியவள் அவள். பெயர் அவருடையது.

“ஒரே ஒரு ஆட்டத்துல இது ஜெயிக்கட்டும். கையெழுத்துப் போடறேன். சொதப்புச்சுன்னா ஆய்வேட்டை மொதல்லேருந்து எழுதிக்க.”

பொருளாதாரத் துறையோடு பத்து ஓவர் ஆட்டம். எதிரணித் தலைவர், பேராசிரியர் மனைவியின் அண்ணன். மழை வந்தால் புதுச் சூத்திரம்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அவர்கள் எண்பது எடுத்தார்கள். பேராசிரியர் தாமே முதலில் இறங்கினார். பத்தொன்பது பந்தில் நான்கு ஓட்டம். அதில் இரண்டு, பந்து தானாக வந்து மட்டையில் மோதியது. போல்டானதும் வெளிச்சம் சரியில்லை என்று வானத்தை முறைத்துக்கொண்டே வெளியேறினார். அடுத்து வந்த குமாஸ்தா பந்தை வாகன நிறுத்தத்துக்கு அனுப்பத் தொடங்கினார்.

ஆறு ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு நாற்பத்தொன்று. அப்போது பிய்த்துக்கொண்டு கொட்டியது மழை. ஆட்டம் அவ்வளவுதான் என்று கைவிரித்தார் நடுவர். இரண்டு அணியும் மட்டை, பந்து வைக்கும் அறைக்குள் அடைந்தன.

“பழைய கணக்குப்படி நாப்பத்தஞ்சு வேணும். போச்சு மாப்ளே!” என்றார் அண்ணன்.

“அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க மச்சான். ஏம்மா, நம்ம கணக்கைச் சத்தமா படி!”

மடிக்கணினியைப் பார்த்தவள் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

“முப்பத்தாறு போதும் சார். ஜெயிச்சுட்டோம்.”

கூரை அதிர்ந்தது. குமாஸ்தா பேராசிரியரையே தூக்கிச் சுற்றினார். ஆனால் மச்சான் லேசில் விடுகிற ஆள் இல்லை.

“இரும்மா. விக்கெட் போயும் கணக்கு எப்படி எறங்குச்சு? எங்க மாப்ளையோட எடை எவ்வளவு?”

பொய் சொன்னால் கூட்டல் இடிக்கும், சூத்திரம் சாகும், கூடவே ஆய்வேடும். உண்மையைச் சொன்னால் சார் சாவார். கண்ணை மூடிக்கொண்டாள்.

“மைனஸ் ஒம்பது.”

முதலில் குமாஸ்தாவுக்கு விக்கல் மாதிரி ஒன்று கிளம்பியது; அடுத்த நொடி அறையே உருண்டு சிரித்தது.

பேராசிரியரின் முகம் சிவந்து, வெளுத்து, ஒரு வழியாகத் தன் நிறத்துக்குத் திரும்பியது. அவருக்குள்ளே ஒரு மட்டையாளர், ஒரு மேதை. இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும்.

“பாத்தீங்களா!” என்று திடீரென்று கர்ஜித்தார். “நான் சும்மாவா அவுட்டானேன்? கணக்குப் போட்டுல்ல ஆனேன்! பேனா எங்கம்மா?”

ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல், கால் காப்பின்மேல் ஆய்வேட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூலையில் மச்சான் தன் அணியைக் கூட்டி வைத்து ரகசியமாகக் கத்திக்கொண்டிருந்தார்:

“அடுத்த வருஷம் எவனாவது எங்க மாப்ளைய அவுட்டாக்கினீங்க, தொலைச்சுடுவேன். கேட்ச் வந்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க!”