தலை வைத்த இடம்

உப்புத்தாளை உதறிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பகவதிப்பெருமாளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. சாய்வு நாற்காலியின் தலைப்பலகையில் கறுப்பாகப் படிந்திருந்த வட்டம் முழுசாகப் போய், தேக்கு வெளுத்துக் கிடந்தது. அந்த வட்டம் யோசுவாவின் தலை. குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரரான யோசுவா, காய்ச்சிய எண்ணெயைத் தலையில் வழிய வைத்துக்கொண்டு தன் வீட்டில் தினமும் அதில் சாய்ந்து பத்திரிகை வாசித்தவர். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி ரத்னாபாய்தான் நாற்காலியைக் கரமனையில் இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி, "கொஞ்சம் நல்லாக்கித் தாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் மரவேலையில் இறங்கியவர் பகவதிப்பெருமாள். யூடியூப் பார்த்துப் படித்தார். ஆரியசாலைக் கடைக்காரர்கள் சொன்ன வார்னிஷையெல்லாம் வாங்கிக் கார் ஷெட்டை நிறைத்தார். முதலில் பாலிஷ் போட்டது ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்த மைத்துனர் லிங்கம் எழுந்தார், வேட்டி எழவில்லை. அதற்குப் பிறகும் நம்பி ஒருத்தி கொண்டுவந்து தந்த பொருள் இது. புருஷன் நினைவாக மிச்சமிருந்த ஒரே அடையாளத்தையும் தேய்த்து எறிந்தாயிற்று. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்த செண்பகவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவர் வழுக்கைத் தலையில் எண்ணெய் ஒழுக, நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"என்ன செய்யுதிய?"

"வேலையாக்கும்."

"எண்ணெ வையுங்க, எண்ணெ வையுங்கன்னு எவ்வளவு காலமா சொன்னேன். முடி இருந்தப்ப வைக்கல்ல."

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பலகையைக் குனிந்து பார்த்துவிட்டு, "அவிய தல உங்க தலையவிடப் பெருசுல்லா. கொஞ்சம் அங்கயும் இங்கயும் உருட்டுங்க" என்றாள்.

உருட்டினார். நாள்தோறும் காலையும் மாலையும் உருட்டினார். அலுவலகக் காலத்தில் யோசுவா வீட்டுக்குப் போனால் இவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிதான். யோசுவா சாய்ந்தபடியே உலக விவகாரங்களைத் தப்புத் தப்பாக விளக்குவார். இவர் திருத்துவார். இப்போது திருத்த ஆளில்லை என்று ஷெட்டுக்குள் கிடந்தபோது தோன்றியது. தேய்த்து வெளுத்த மரம் எண்ணெயைக் குடித்துக் குடித்து, மெதுவாக வட்டம் பிடித்தது. இதுவரை தான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை இதுதான் என்று அவருக்கு ரகசியமாக ஒரு பெருமைகூட வந்தது.

ஒருநாள் ரத்னாபாய், ஷைஜு என்ற டிரைவரின் சரக்கு ஆட்டோவோடு நாற்காலியை எடுத்துப்போக வந்தாள். தலைப்பலகையை விரலால் தடவினாள். முகம் வாடிவிட்டது.

"இது போகல்லியா அண்ணாச்சி?"

"எது?"

"இதப் போக்கத்தானே கொண்டு வந்தேன். கல்யாணம் கழிஞ்ச நாள் தொட்டு சோப்பு போட்டு ஒரச்சுப் பாக்கேன். இந்த வாடைக்கே நான் இதுல ஒரு நாளும் இருந்ததில்ல."

செண்பகவல்லி அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று அவசரமாக உள்ளே போனாள். பகவதிப்பெருமாள் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். தனக்கும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு ரத்னாபாயும் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கையை நிறுத்தி, மூக்கருகே கொண்டுபோனாள்.

"அவிய துளசி போட்டுக் காச்சின எண்ணெயாக்கும் வைப்பாவ. இது கட எண்ணெ. இது யாரு தல?"

ரத்னாபாய் அவருடைய மினுங்கும் தலையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

பாலிஷ் போட்டுத் தருவதாக அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஷைஜு நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு கட்டினான். அவன் திரும்புவதற்குள் அவளும் ஏறி அதில் சாய்ந்துவிட்டாள்.

"அம்மச்சி, அதுல உக்காரப் பாடில்ல. போலீசு கண்டா பைன் அடிக்கும்."

"நீ வண்டிய எடுடே."

கரமனைப் பாலத்து நெரிசலுக்குள் வண்டி ஊர்ந்தது. வெயிலுக்குச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, நீண்ட கைப்பலகைகளில் கைகளைப் பரப்பி, கால்களை நீட்டி ரத்னாபாய் பின்பக்கம் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒட்டி வந்த பஸ் டிரைவர் ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனார். அவளைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.