புதன்கிழமைக்கு இரண்டு மூலைகள்

1
இது ஒரு பயணக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. யாங்கூனில் வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டிய இடங்களை எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. ‘பொன் வேய்ந்த ஷ்வேடகோன் பகோடா காலை வெயிலில்’ என்று எழுதி நிறுத்தினேன். அந்த வெயிலை எல்லோரும் எழுதிவிட்டார்கள். மேலே நகர வழியில்லாமல் அங்கே ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

2
அவர் ராஜரத்தினம். திருநெல்வேலியிலிருந்து சுற்றுலாக் குழுவோடு வந்தவர். அன்று ஊரில் அவர் தங்கை லதாவுக்கு இருதய அறுவை சிகிச்சை. (ஊர் சுற்றுகிற நேரமா இது என்று கேட்காதீர்கள். திடீரென்று முடிவானது, திரும்பும் விமானம் மறுநாள்தான்.)

வழிகாட்டி மார்த்தா, யாங்கூனிலேயே பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். “இந்த ஃபயாவை, அதான் பகோடாவை, சுத்தி கிழமைக்கு ஒரு மூலை இருக்குண்ணே. பொறந்த கிழமை மூலையில புத்தருக்குத் தண்ணி ஊத்தி வேண்டிக்குவாங்க.”

“என் தங்கச்சி புதன்கிழமைம்மா. எந்தப் பக்கம்?”

“புதனுக்கு மட்டும் ரெண்டு. காலையில பொறந்தா தெக்கால. மத்தியானத்துக்கு மேலன்னா வடமேற்கு.”

“அது தெரியாதே. எனக்கு அப்ப ஏழு வயசு. பம்பரம் விட்டுக்கிட்டிருந்தேன்.”

“அவங்களையே கேளுங்களேன்.”

“மயக்கத்துல இருக்காம்மா.”

குழுவிலிருந்த தங்கமணி சொன்னாள்: “ரெண்டுலயும் ஊத்திட்டா ஆச்சு.”

“ஊத்தட்டும். நாம ரயிலை விட்டுட்டு இங்கயே பாய் விரிச்சுப் படுத்துக்குவோம்” என்றார் அவள் கணவர்.

அடுத்து அவர்கள் பார்க்க வேண்டியது நகரைச் சுற்றிவரும் சுற்று ரயில். அதைப் பிடிக்க ஒரு மூலைக்குத்தான் நேரம் இருந்தது.

3
முதல் வரைவில் ராஜரத்தினம் தெற்கே போக, வடமேற்கில் மார்த்தாவே நீர் ஊற்றினாள். அடித்துவிட்டேன். ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவள். கதைக்கு அழகு என்பதற்காக அவள் கையை நான் இழுக்கக் கூடாது. ஆனால் சும்மா நிற்கவும் அவளுக்கு மனமில்லை.

இப்போதைய வரைவில் வடமேற்கு மூலைக்கு விரைகிறாள். அங்கே ஒரு பர்மியப் பெண் நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா, இன்னொருத்தருக்கும் சேத்து ஊத்துவீங்களா?” என்று மார்த்தா பர்மியில் கேட்கிறாள்.

“யாருக்கு?”

“லதான்னு பேரு. இந்தியாவுல ஆப்பரேஷன் நடக்குது.”

அந்தப் பெண் தன் வேண்டுதலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கோப்பையை மறுபடி நிறைக்கிறாள். பக்கத்தில் மார்த்தா கண்ணை மூடிக்கொண்டு தன் ஆண்டவரிடம் அதையே கேட்கிறாள்.

4
தெற்கு மூலையில் ராஜரத்தினத்தின் போன் அடிக்கிறது. லதாவின் கணவர்.

[முடிவு ஒன்று: லதா கண் தி

முடிவு இரண்டு: எதிர்முனையில் மைத்துனர் அழு]

இரண்டையும் முடிக்க என்னால் ஆகவில்லை. லதா என்பது நான் வைத்த பெயர். ஆனால் நீங்கள் இதைப் படிக்கும் இந்நேரம், எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருடைய தங்கையோ மயக்கத்தில் கிடக்கிறாள். உங்கள் வழக்கம் எதுவோ, அந்தப்படி அவளுக்காக ஒன்று கேளுங்கள்.

நீங்கள் கேட்டு முடிக்கும்வரை ராஜரத்தினம் போனை எடுக்க மாட்டார்.